இரண்டு எர்த்துக்கு நடுவே 9 வோல்ட்

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில். கம்ப்ரஸர் அறையில் ஒரு பேனல், அங்கிருந்து 180 மீட்டர் தள்ளி, நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் வரிசையின் கடைசியில் இன்னொரு பேனல். அந்த மில்லின் எலக்ட்ரீஷியன் அண்ணா ஒரு நீளமான வயரின் ஒரு முனையை அங்கே எர்த்தில் முறுக்கிவிட்டு, மறு முனையை இழுத்து வந்து மல்டிமீட்டரில் சேர்த்தார். இன்னொரு புரோபை இந்தப் பக்கத்து எர்த்தில் வைத்தார். ஏசி 9 வோல்ட் காட்டியது.

"பாருங்க அம்மிணி. நீங்க நாலு மாசமா சிப்பு மாத்திக்கிட்டே இருக்கறீங்க. இதை ஒருக்கா பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. போர்டை வடிவமைத்தவள் நான். 24 எனர்ஜி மீட்டர்கள், ஒரே ஆர்எஸ்-485 லைனில், அதாவது பல கருவிகள் இரண்டு வயரில் மாறி மாறித் தரவு பேசும் லைனில், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தோம். ஒவ்வொரு போர்டிலும் லைனில் பேசவும் கேட்கவும் எட்டுக் கால் ட்ரான்ஸீவர் சிப் ஒன்று, மேக்ஸ்485. வாரம் ஒன்றிரண்டு மீட்டர் பேச்சை நிறுத்தும். மழை பெய்த மறுநாள் நாலைந்து நிற்கும். நான் பேருந்து ஏறிப் போய், சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, சிப்பை மாற்றிவிட்டு வருவேன். வாங்கிய சிப் போலியோ என்று சந்தேகப்பட்டு வேறு கடையில் வாங்கினேன். அதுவும் செத்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அந்த சிப்பின் டேட்டாஷீட்டை மறுபடி திறந்தேன். லைனின் இரண்டு வயர்களும் சேரும் ஏ, பி கால்கள் தாங்கக்கூடிய உச்ச எல்லை −8 வோல்ட்டிலிருந்து +12.5 வோல்ட் வரை. பல தடவை கண்ணில் பட்ட வரிதான். 9 வோல்ட் என்பது மல்டிமீட்டர் காட்டும் ஆர்எம்எஸ் அளவு. அலையின் உச்சம் 1.414 மடங்கு, அதாவது ஏறக்குறைய 12.7 வோல்ட். மேலே 12.7, கீழே −12.7. விநாடிக்கு 50 தடவை இரண்டு பக்கமும் எல்லை தாண்டியிருக்கிறது. சிப் மேல் ஒரு குற்றமும் இல்லை. எவ்வளவு தாங்குவேன் என்று அது எழுதியே கொடுத்திருந்தது.

உச்ச எல்லைக்குச் சற்று உள்ளே, ட்ரான்ஸீவர் ஒழுங்காக வேலை செய்வதற்கான வீச்சு −7 வோல்ட்டிலிருந்து +12 வோல்ட் வரை. அந்த −7, +12 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்த விஷயம் மனதில் நின்றுவிடும். ஆர்எஸ்-485 தரநிலை 1983-இல் வந்தது. லைனில் இயல்பாக ஓடும் சிக்னல் 0 முதல் 5 வோல்ட்டுக்குள். இரண்டு போர்டுகளின் கிரவுண்டுக்கு (ஒவ்வொன்றும் தன் பூஜ்ய வோல்ட்டாக எடுத்துக்கொள்ளும் புள்ளிக்கு) நடுவே 7 வோல்ட் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். 0-இலிருந்து 7-ஐக் கழித்தால் −7. 5-உடன் 7-ஐக் கூட்டினால் 12. அந்த வீச்சுக்குள் இருக்கும் வரை ட்ரான்ஸீவர் ஒழுங்காகக் கேட்கும், பேசும். ஆக, "கிரவுண்டு எல்லா இடத்திலும் ஒன்றல்ல" என்பது அந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. டிஃபரென்ஷியல் சிக்னல், இரண்டு வயருக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும், அதனால் கிரவுண்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று கல்லூரியில் படித்ததை நான் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். 7 வோல்ட் வரைதான் கவலை வேண்டாம்.

நான் செய்த தவறு எளியது. போர்டின் கிரவுண்டு, 24 வோல்ட் சப்ளையின் மைனஸ் வழியாக அந்தந்தப் பேனலின் எர்த்தில் உட்கார்ந்திருந்தது. இப்படி 24 இடங்களில் 24 எர்த். அவற்றை ஏ, பி என்ற இரண்டு மெல்லிய வயர்களால் கட்டிப்போட்டிருந்தேன். ரிங் ஃப்ரேம்களின் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுகள் ஓடும்போது எர்த் வயரில் லீக்கேஜ் கரண்ட் போகிறது. வயருக்கு ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. ஆகவே எர்த்துகள் ஒன்றுக்கொன்று விலகுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மில் நின்றிருக்கும்போது அளந்தால் அரை வோல்ட் கூட இருக்காது. அந்த நாள் வரை நான் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் போயிருந்தேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணாவுக்குக் காங்கேயம் பக்கம் கொஞ்சம் தோட்டம் உண்டு. அன்று டீக்கடையில் உட்கார்ந்து அவர் சொன்னது: "தண்ணி வரத்தானுங்க செய்யும். வாய்க்கா வெட்டி விட்டீங்கன்னா அதுல போகும். இல்லாட்டி வரப்ப ஒடச்சுட்டுப் போகும்." அதற்குப் பிறகு நான் வரைந்த ஒவ்வொரு போர்டையும் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். கரண்ட் வரும். எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும்? நான் வழி சொல்லாவிட்டால் அது சிப்புக்குள் புகுந்துதான் போகும்.

இரண்டாவது வடிவத்தில் முதலில் செய்தது, லைனையும் போர்டையும் மின்சார ரீதியாகத் துண்டித்தது. இதைத்தான் ஐசோலேஷன் என்பார்கள். தடுப்பும் ட்ரான்ஸீவரும் ஒரே உறைக்குள் இருக்கும் சிப்கள் கிடைக்கின்றன. நான் எடுத்தது ஏடிஎம்2483. உள்ளே ஒரு தடுப்பு. அது ஒரு நிமிடம் 2,500 வோல்ட் தாங்கும். லைன் பக்கத்துக்குத் தனியாக 5 வோல்ட் தர ஒரு சின்ன ஐசோலேட்டட் டிசி-டிசி மாட்யூல். இப்போது பேனல் எர்த்துகள் 9 வோல்ட் என்ன, 90 வோல்ட் விலகினாலும் அது தடுப்பின் இரு பக்கமும் நிற்கும். லைன் பக்கத்துக் கிரவுண்டுகளை எல்லாம் கேபிளின் மூன்றாவது வயரால் ஒன்றோடொன்று சேர்த்து, அந்த வயரை ஒரே ஒரு இடத்தில் மட்டும் 100 ஓம் வழியாக எர்த் செய்தோம்.

இரண்டு வயர் போதும் என்று சொல்பவர்களோடு நான் இப்போது வாதம் செய்வதில்லை. மூன்றாவது வயர் இல்லாத ஆர்எஸ்-485 கேபிளை நான் ஏற்பதில்லை, அவ்வளவுதான்.

ஐசோலேஷன் சிப் வாங்கிப் போட்டால் ஐசோலேஷன் வந்துவிடாது என்பதை அடுத்த மாதமே படித்துக்கொண்டேன். நாலு லேயர் போர்டு. மேல் லேயரில் சிப்பின் இரு வரிசைக் கால்களுக்கு நடுவே செப்பு ஏதும் இல்லாமல் அகலமாக இடம் விட்டிருந்தேன். திரையில் பார்க்க அழகாக இருந்தது. உள் லேயரில் கிரவுண்டு பிளேன், அதாவது கிரவுண்டாக விரிந்திருக்கும் செப்புப் பரப்பு, என்னைக் கேட்காமலே சிப்புக்கு அடியில் முழுவதுமாகப் பரவியிருந்தது. மேலே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் என்ன, செங்குத்தாகப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருந்தது ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் கண்ணாடி நார்ப் பலகை. பத்து போர்டு செய்து வந்த பிறகுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: ஐசோலேட்டருக்குக் கீழே வெளிச்சம் ஊடுருவ வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. இன்றைக்கும் புதுப் போர்டு வந்தால் முதல் வேலையாக ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறேன். தடுப்புக் கோடு ஒரு வெளிச்சப் பட்டையாக இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை அறுபடாமல் தெரிய வேண்டும். அதன் குறுக்கே ஒரு டிரேஸ் (போர்டின் செப்புக் கோடு), ஒரு எல்இடி, டெஸ்ட் பாயின்ட், கேஸோடு சேர்க்கும் ஒரு திருகின் தலை, எதுவும் கால் வைக்கக் கூடாது. திருகை மறந்துவிடுபவர்கள் நிறைய. அதுவும் உலோகம்தான்.

அடுத்தது மின்னல், சுவிட்ச் தீப்பொறி, கைவிரலிலிருந்து பாயும் நிலைமின்சாரம். இதற்கு எஸ்எம்712 என்ற டிவிஎஸ் டயோடு இருக்கிறது; எல்லை மீறி வரும் வோல்ட்டேஜைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடும். ஆர்எஸ்-485-க்கென்றே செய்தது, ஒரு பக்கம் 7 வோல்ட், இன்னொரு பக்கம் 12 வோல்ட் என்று கோணலாக வெட்டும். அந்தக் கோணல் ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஆனால் டயோடை எங்கே வைப்பது, அதன் கிரவுண்டுக் கால் எப்படி இறங்குவது என்பதில்தான் பாதுகாப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. இதை நான் முதலில் நம்பவில்லை; கணக்குப் போட்ட பிறகுதான் நம்பினேன்.

நிலைமின்சாரத்துக்கான ஐஇசி 61000-4-2 சோதனையில் 8,000 வோல்ட் கான்டாக்ட் டிஸ்சார்ஜ் கொடுத்தால் முதல் உச்சத்தில் 30 ஆம்பியர், 1 நானோசெகண்டுக்கும் குறைவான நேரத்தில், சுமார் 0.8 நானோசெகண்டில், எழும்புகிறது. மெல்லிய டிரேஸ் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தோராயமாக 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம், தரும். டயோடின் கிரவுண்டுக் கால் பிளேனுக்குப் போக 10 மில்லிமீட்டர் நடந்தால் 10 நானோஹென்றி. பெருக்கி வகுத்தால் 375 வோல்ட். டயோடு தன் கடமையைச் செய்து 20 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்தினாலும், அந்த 10 மில்லிமீட்டர் டிரேஸின் மேல் மட்டும் 375 வோல்ட் எழுந்து அதுவும் சேர்ந்து சிப்பைத் தாக்கும். என் முதல் போர்டில் கால் 14 மில்லிமீட்டர் நடந்தது. வரைபடத்தில் டயோடு இருந்தது, பாகங்களின் பட்டியலிலும் இருந்தது, காசும் கொடுத்திருந்தேன். பாதுகாப்பு மட்டும் இல்லை.

ஆகவே இப்போதைய ஒழுங்கு இது: வெளியிலிருந்து வரும் வயர் கனெக்டரைத் தொட்ட உடனே கேஸ் டிஸ்சார்ஜ் டியூப், பேனல் எர்த்துக்கு நேராக, அகலமான செப்பில். அது பெரிய கரண்டைத் தாங்கும், ஆனால் விழிக்கக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குப் பின் ஒவ்வொரு வயரிலும் 10 ஓம் ரெசிஸ்டர், பல்ஸ் தாங்கும் வகை. அதற்குப் பின் டிவிஎஸ். அதன் கிரவுண்டுக் காலடியிலேயே, லேயர்களை இணைக்கும் செப்புத் துளைகளான வயாக்கள் இரண்டு மூன்று. மேலும் ஒன்று: டிரேஸ் டயோடின் பேடு வழியாக ஏறி இறங்கிப் போக வேண்டும். பக்கவாட்டில் கிளை பிரித்து டயோடைத் தொங்கவிட்டால், அந்தக் கிளையின் நீளமும் கணக்கில் சேரும். டயோடுக்கும் சிப்புக்கும் நடுவே இன்னொரு 10 ஓம். பெரிய கரண்டில் டயோடு 12 வோல்ட்டிலேயே நிறுத்திவிடாது, 20-க்கு மேல் போகும். மிச்சத்தை அந்தச் சின்ன ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளும். இதில் எந்தப் பாகமும் விலை கூடியதல்ல. வைக்கும் வரிசையும் தூரமும்தான் எல்லாம்.

சிப்பின் சப்ளைக் காலுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ஒட்டி வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் போர்டு விளிம்பில் உடைத்தெடுக்கும் வி-கட் கோட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். போர்டை மடக்கி உடைக்கும்போது செராமிக் உள்ளே விரிசல் விட்டுவிடும், வெளியே தெரியாது, ஆறு மாதம் கழித்து ஷார்ட் ஆகும்.

இவ்வளவும் சிப் சாகாமல் இருக்க. சாகாத சிப்பும் உளறும், அது வேறு கதை.

லைனில் யாருமே பேசாத நேரம் ஏ, பி இரண்டும் என்ன நிலையில் இருக்கும்? ரிசீவருக்கு +200 மில்லிவோல்ட்டுக்கு மேல் என்றால் 1, −200-க்குக் கீழ் என்றால் 0. நடுவே இருந்தால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சிக்னல் முனையில் மோதி எதிரொலிக்காமல் இருக்க லைனின் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் போட்டிருக்கிறோம். இரண்டும் சேர்ந்து 60 ஓம். யாரும் பேசாதபோது அந்த 60 ஓம் ஏ-யையும் பி-யையும் ஒன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வித்தியாசம் பூஜ்யம். பக்கத்தில் ஒரு கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) விழுந்தால் போதும், ரிசீவர் ஏதோ ஓர் எழுத்து வந்ததாகச் சொல்லும். மீட்டர்களைக் கேள்வி கேட்கும் மாஸ்டர் அதை மீட்டரின் பதில் என்று நினைத்துக் குழம்பும்.

இதற்கு ஏ-யை மேலேயும் பி-யைக் கீழேயும் மெல்ல இழுத்துவிட இரண்டு ரெசிஸ்டர் போடுவார்கள். எத்தனை ஓம்? நான் பழக்கதோஷத்தில் 4.7 கிலோ ஓம் போட்டிருந்தேன். மைக்ரோகன்ட்ரோலர் கால்களுக்கு அதுதானே போடுகிறோம். 5 வோல்ட்டை 4,700 கூட்டல் 60 கூட்டல் 4,700-இல் பங்கிட்டால் 60 ஓமுக்குக் கிடைப்பது 32 மில்லிவோல்ட். வேண்டியது 200. 680 ஓம் போட்டால் 211, விளிம்பில் நிற்கும். 560 ஓம் போட்டால் 254. முழு லைனுக்கும் ஒரே இடத்தில், மாஸ்டர் பக்கம் மட்டும், 560 போட்டேன். பூஜ்யத்தையும் 1 என்றே படிக்கும்படி ரிசீவரின் எல்லையை −50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே நகர்த்திய புது சிப்களும் இருக்கின்றன. அவை நல்லவை. ஆனாலும் நான் ரெசிஸ்டரை விடவில்லை. நாளைக்கு வேறு யாராவது பழைய சிப் உள்ள மீட்டரை அதே லைனில் சேர்ப்பார்கள்.

இதே இடத்தில் இன்னொரு விபத்து நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஆர்எஸ்-485 மாட்யூல்களில் ஒவ்வொன்றிலும் 120 ஓம் சால்டர் செய்தே வரும். மேசைமேல் இரண்டை வைத்துச் சோதித்தால் சரியாக வேலை செய்யும். 24-ஐக் கோத்தால் 5 ஓம். தரநிலைப்படி டிரைவர், அதாவது சிப்பின் பேசும் பகுதி, 54 ஓமுக்கு 1.5 வோல்ட் தர வேண்டும். 5 ஓமுக்கு அது என்ன தரும்? முனையில் இருக்கும் இரண்டைத் தவிர மற்றவற்றில் அந்த ரெசிஸ்டரைக் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டும் என்று மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும், அதனால் இங்கே சொல்கிறேன்.

சிப்பின் டிஇ (டிரைவர் எனேபிள்) காலைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. அந்தக் கால் உயர்ந்தால் சிப் லைனைப் பிடித்துப் பேசும், தாழ்ந்தால் விட்டுவிடும். மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும்போது அதன் கால்கள் மிதக்கும். டிஇ மிதந்தால் அந்த நேரத்தில் எந்தப் பக்கமும் சாயலாம். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது 24 போர்டும் ஒரே நேரத்தில் விழித்து, அதில் மூன்று லைனைப் பிடித்துக்கொண்டால் மற்ற 21-ம் ஊமை. டிஇ-யிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம். பத்துப் பைசாப் பாகம். ஃபர்ம்வேரில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஃபர்ம்வேர் விழிப்பதற்கு முன் நடப்பதைப் பற்றித்தான் பேசுகிறோம். ஃபர்ம்வேர் விழித்த பிறகு வரும் தொல்லை வேறு. கடைசி பைட்டை, அதைப் பிட் பிட்டாக அனுப்பும் யுஏஆர்டி-யின் பஃபரில் போட்டவுடனே டிஇ-யைத் தாழ்த்திவிட்டால், அந்த பைட் இன்னும் வெளியே போயிருக்காது. விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் 11 பிட் உள்ள ஓர் எழுத்து போக 1.15 மில்லிசெகண்ட் ஆகும். பஃபர் காலி என்ற கொடியைப் பார்க்காமல், அனுப்பி முடிந்தது என்ற கொடியைப் பார்த்த பிறகே காலைத் தாழ்த்த வேண்டும்.

வேகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நாங்கள் ஓட்டுவது 9,600 பிட். மேக்ஸ்485 போவதோ 2.5 மெகாபிட் வரை. வேகமான சிப் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். லைனுக்கு நீங்கள் அனுப்பும் பிட் வேகம் தெரியாது; சிப்பின் விளிம்பு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதுதான் தெரியும். 15 நானோசெகண்டில் ஏறும் விளிம்புக்கு, மெயின் லைனிலிருந்து மீட்டருக்குப் பிரியும் கிளை வயர் 30 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எதிரொலி தொடங்கிவிடும். நாங்கள் சில பேனல்களில் 2 மீட்டர் கிளை விட்டிருந்தோம். மெதுவாக ஏறி இறங்கும் சிப் எடுத்தால் அந்தக் கண்டிப்பு தளர்கிறது, மின் இரைச்சலும் குறைகிறது. தேவைக்கு மேல் வேகமான சிப்பை இப்போது நான் எந்தப் போர்டிலும் போடுவதில்லை.

மில் என்பதால் பஞ்சு. ரிங் ஃப்ரேம் பகுதியில் நூல் அறுபடாமல் இருக்கக் காற்றில் ஈரம் ஏற்றி வைத்திருப்பார்கள். பறக்கும் பஞ்சு போர்டில் படிந்து, அந்த ஈரத்தைக் குடித்து, பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கு நடுவே ஒரு திரி போலக் கிடக்கும். சால்டரிங்கில் மிஞ்சும் ஃப்ளக்ஸைச் சுத்தமாகக் கழுவி, காய வைத்து, ஈரம் அண்டாத மெல்லிய பூச்சான கன்ஃபார்மல் கோட்டிங் அடிக்க வேண்டும். கழுவாமல் மேலே கோட்டிங் அடித்தால் அழுக்கை உள்ளே பூட்டி வைத்தது போலாகும்.

ஏ எது, பி எது என்ற சண்டைக்கு முடிவே இல்லை. தரநிலையின் ஏ, பி-யும் சிப் கம்பெனிகளின் ஏ, பி-யும் தலைகீழாக இருக்கும். நான் போர்டில் பிளஸ், மைனஸ் என்று அச்சிட்டுவிட்டேன்.

சோதனைக்கு ஆய்வகம் போகக் காசு வேண்டும், எங்கள் போன்ற சிறிய பட்டறைகளால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் போக முடியாது. நான் செய்வது: ஒரு பழைய கான்டாக்டர். அதன் காயிலுக்குப் போகும் கரண்டை அதன் சொந்த என்சி கான்டாக்ட் (காயில் இழுக்காதபோது மூடியிருப்பது) வழியாகவே இணைத்துவிட்டால், இழுக்கும், அறுந்து விழும், மறுபடி இழுக்கும். கடகடவென்று அடித்துக்கொண்டே தீப்பொறி கக்கும். ஆர்எஸ்-485 கேபிளை அதன் மேல் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் தரவு ஓட்டி, எத்தனை பிழை என்று எண்ணுவேன். முதல் வடிவப் போர்டு அதில் ஒரு நிமிடம் கூடத் தாங்கவில்லை. கான்டாக்டர் மெயின்ஸில் ஓடுவதால் கையை எட்டவே வைத்துக்கொள்ளுங்கள். நான் மூடி போட்ட பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

கனெக்டர் யோசனை எலக்ட்ரீஷியன் அண்ணாவுடையது. முதல் போர்டில் உள்ளே வரும் வயருக்கு ஒரு டெர்மினல், வெளியே போகும் வயருக்கு இன்னொன்று, இரண்டும் போர்டின் டிரேஸால் இணைந்திருந்தன. ஒரு போர்டைக் கழற்றினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நின்றுவிடும். "வர்றதையும் போறதையும் ஒரே பிளக்குல போட்டுக் குடுங்க அம்மிணி. ராத்திரி ஷிஃப்டுல நான் உருவிப் போட்டுப் பாத்துக்குவேன்" என்றார். கழற்றி மாட்டும் வகைப் பிளக்கில், ஒரே துளையில் இரண்டு வயரையும் முறுக்கி விட்டோம். பிளக்கை உருவினால் அந்த மீட்டர் மட்டும் விலகும், லைன் அறுபடாது.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல இடி. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன். 24-ம் பேசவில்லை என்றார். நான் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கூப்பிட்டார். ஒவ்வொரு பிளக்காக உருவிக்கொண்டே வந்திருக்கிறார். பதினேழாவதை உருவியதும் மற்ற 23-ம் பேசத் தொடங்கிவிட்டன. அந்தப் போர்டைப் பஞ்சு துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, கோயம்புத்தூர் வந்த மில் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார்.

மேசைமேல் வைத்துப் பார்த்தேன். டிவிஎஸ் டயோடு ஷார்ட் ஆகி, பி வயரைக் கிரவுண்டோடு ஒட்டிவிட்டிருந்தது. ஒரு 10 ஓம் ரெசிஸ்டரின் மேல் மெல்லிய கருப்பு. டயோடைக் கழற்றிவிட்டு லைனில் மாட்டினேன். சிப் பதில் சொன்னது: மீட்டர் எண் 17, ராத்திரி வரை ஓடிய யூனிட் கணக்கு, எல்லாம் சரியாக. புது டயோடும் ரெசிஸ்டரும் வைத்து, கழுவி, கோட்டிங் அடித்து, அதே செய்தித்தாளில் சுற்றி மாலை வண்டியில் திருப்பி அனுப்பினேன்.